கறுக்காத அண்டா

பிராந்திப் பாட்டில் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, தினத்தாள் துண்டைச் சுருட்டி மூடியாக அடைத்து, அதை மேஜைமேல் வைத்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "இதுல வெசம் இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

ராஜேஸ்வரி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார் யாருக்கு வெச்ச வெசம்?"

"நான் வெச்சேன்னு சொல்றாங்க. வெச்சனான்னு எனக்கே தெரிஞ்சாகணுமில்லீங்க."

பெஞ்சில் உட்கார்ந்து மாத நாவல் படித்துக்கொண்டிருந்த மனுவேல் புத்தகத்தை மடக்கினார். இருபத்திரண்டு வருஷமாக ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவர். சவாரி இல்லாத நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த ரத்தம், சிறுநீர் பரிசோதனைக் கூடத்தின் பெஞ்சில்தான் இருப்பார். எந்தத் துப்பறியும் கதையிலும் நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். கடைசிப் பக்கத்தில் வேறு ஆள் மாட்டினால் அது எழுதியவரின் தவறு என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவரின் முன்னால், நிஜமாகவே, விஷம் என்ற சொல் வந்து உட்கார்ந்திருந்தது.

"மொதல்ல இருந்து சொல்லுங்கம்மா. ஒண்ணு விடாம" என்றார் மனுவேல், தன்னை யாரும் கேட்காதபோதே.

வந்தவர் பெயர் பாவாயி. பக்கத்து வாழவந்தி கிராமத்துக்காரர். ஏரிக்கு மேலே இருக்கும் ஹோட்டல் லேக் எம்பரரில் பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீர் எடுத்து ஊற்றும் வேலை. ஹோட்டலுக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஓர் ஊற்று. தினமும் சாயங்காலம் அதிலிருந்து எடுத்து, சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் பெரிய செப்பு அண்டாவை நிரப்பி வைப்பார். ராத்திரி முழுக்க அது நிற்கும். மறுநாள் விருந்தாளிகள் அதைக் குடிப்பார்கள். சமையல்கட்டு ஆட்களுக்குப் பின்கட்டில் ஒரு செப்புக்குடம் தனியாக உண்டு.

"இந்த மூணு வாரத்துல பதினாலு பேருக்கு வாந்தி பேதிங்க. ஒரு கொழந்தைக்கு ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்துனாங்க. நல்லவேளை, பொழைச்சு எந்திரிச்சிருச்சு. ஆனா சமையல்கட்டுல ஒருத்தருக்குக்கூடத் தலைவலி இல்ல. அதே ஊத்து, அதே தண்ணி, தூக்குனதும் நானே. அதனால ஊத்துல கோளாறில்ல, தூக்குனவகிட்டத்தான் கோளாறுங்கறாரு மொதலாளி. முன்னால இருக்கற அண்டாவுல மட்டும் நான் என்னமோ கலக்கறேனாம்."

"எதுக்குக் கலக்கறீங்களாம்?"

"போன மாசம் என்னைய ஏசுனாருங்க. அந்தப் பழியைத் தீத்துக்கறேனாம்."

"ஏசுனது எதுக்கு?"

"அண்டாவப் புளி போட்டுத் தேச்சதுக்குங்க. சேலத்துக்குக் கொண்டு போயி ஏதோ பாலீசு பண்ணி, மூணு நாள் கழிச்சுக் கொண்டாந்தாங்க. இனிமே கையே வெக்கக் கூடாதுன்னாரு. பன்னண்டு வருசமா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை தேச்ச கையிங்க, பழக்கத்துல தேச்சுப்புட்டேன்."

"பாலீசு போயிருச்சா?" என்றார் மனுவேல்.

"ஒண்ணும் போகலீங்க. கண்ணாடியத் தேச்ச மாதிரி வழுக்கிட்டுப் போச்சு."

ராஜேஸ்வரி இப்போது கண்ணை எடுத்தார். நாற்பத்தைந்து வயது. எதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒரு தரம் பேசுகிறவர். ஊரில் எல்லோருக்கும் லேப்பம்மா. டாக்டரம்மா என்று கூப்பிட்டால் மட்டும் திருத்துவார். மற்றபடி யாரையும் திருத்தும் அளவுக்கு வாயைச் செலவழிக்க மாட்டார்.

"இப்ப என்ன செய்யப் போறாராம்?"

"திங்கக்கெழமை ஸ்டேசன்ல காயிதம் குடுக்கறாருங்க. டைப் அடிச்சு வெச்சிருக்காரு. கோடை விழா முடியற வரைக்கும் போலீசு வாசல்ல வரக்கூடாதாம், ரூம் காலியாயிருமாம். அதனால அதுவரைக்கும் நான் வெளிய இருக்கலாம்னுட்டாரு." பாவாயி முந்தானையை ஒரு சுற்று சுற்றி விரலில் இறுக்கினார். "ஜெயிலுக்குக்கூடப் போயிருவேன். எங்கூருக் கோயில் நோம்பிக்கு ஊருச்சோறு ஆக்கறது நானுங்க. பதினஞ்சு வருசம். நேத்து வந்து, இந்த வருசம் வேண்டாம் பாவாயின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் தொட்டதைத் தின்ன ஊரே பயப்படுது."



"ஜீப்புல பெட்ரோல் இருக்குதுங்களா?" என்றார் ராஜேஸ்வரி.

மனுவேலுக்கு அதைவிட இனிமையான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

* * *

ஹோட்டல் லேக் எம்பரரில் மொத்தம் ஒன்பது அறைகள். அதன் முதலாளி பாலசுப்பிரமணியத்துக்கு அது போதாது என்பதால் அறைகளுக்கு நூற்று ஒன்றிலிருந்து நூற்று ஒன்பது வரை எண் கொடுத்திருந்தார். சேலத்தில் அரிசி மண்டி வைத்திருந்தபோது பாலு என்று கூப்பிட்டவர்கள் இப்போது பி.எஸ். மணியம் என்று எழுதினால்தான் கடிதம் பிரிக்கப்படும். மே மாதத்திலும் கோட்டு போடுவார். மலையில் குளிர்கிறது என்பார். வேர்வை நெற்றியில் வேறு மாதிரிச் சொல்லும்.

"வாங்க மேடம். பரிசோதனைக்கு நான் தடை சொல்ல மாட்டேன். விஞ்ஞானத்து மேல எனக்கு மரியாதை உண்டு" என்றவர் கூடத்தின் நடுவே கையை நீட்டினார். "விஞ்ஞானம் அதோ நிக்குது பாருங்க."

இடுப்பு உயர மேடைமேல் செப்பு அண்டா நின்றது. அதன் மினுமினுப்பில் மனுவேலின் முகம் வெற்றிலைக் கொடி மாதிரி வளைந்து தெரிந்தது. மேலே ஒரு பலகை: "ஜெர்மன் கிருமிநாசினிப் பூச்சு. உள்ளும் புறமும். இதைத் தொடும் கிருமி உயிருடன் திரும்பாது." பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், ஊர்க் கோப்பையை ஜெயித்து வைத்தது போல, ஒரு தகர டப்பா. அதுதான் அந்தப் பூச்சு வந்த டப்பாவாம்.

டப்பாவின் பக்கத்தில், டை கட்டி, ரெக்ஸின் பையோடு ஒருவர் நின்றார். "முருகேசன். டெக்னிக்கல் கன்சல்டன்ட்" என்று அவரே அறிமுகமானார். இன்னும் நான்கு ஹோட்டல்களுக்குப் பூசுவதற்கு, பாலசுப்பிரமணியத்திடம் ஒரு பாராட்டுக் கடிதம் வாங்க மேலே வந்தவர். மூன்று நாளாகக் கடிதத்துக்காகக் காத்திருப்பதால் சாப்பாடும் அங்கேதான். தண்ணீர் மட்டும் கோலி சோடா.

"இப்ப என் லாஜிக்கைக் கேளுங்க" என்றார் பாலசுப்பிரமணியம். "அண்டாவைத் தொட்ட கிருமி செத்துரும். அப்ப அண்டாத் தண்ணியில கிருமி இருக்க வழியில்ல. ஆனா குடிச்சவங்களுக்கு வாந்தி. கிருமி இல்லைன்னா வெசம். வெசம்னா வெச்சவங்க. வெச்சவங்கன்னா தண்ணி தூக்குனவங்க. சரிங்களா?"

மனுவேலுக்கே அது சரியாகத்தான் பட்டது. நாற்பதாம் பக்கம் வருவதற்குள் முடிந்துவிட்டதே என்றுதான் வருத்தம்.

"வாந்தி எப்ப வந்துச்சுங்க? குடிச்ச உடனேயா?" என்றார் ராஜேஸ்வரி.

"இல்ல. மறுநாள், அதுக்கு மறுநாள்."

"சரிங்க." அவர் நோட்டில் ஒரு வரி எழுதினார்.

கூடத்தில் ஒரு மேஜையில் நூற்று ஏழாம் அறைத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். திருச்செங்கோட்டிலிருந்து வந்த, ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற சின்னசாமி, அவர் மனைவி பழனியம்மாள். மனைவி மூன்று நாளாகக் கஞ்சிதான் குடிக்கிறார். கணவர் இரண்டாவது தட்டு பொங்கலில் இருந்தார். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பழைய செப்புச் சொம்பு.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களா?" என்றார் ராஜேஸ்வரி.

"எனக்கென்ன ஆகும்? ராத்திரி இந்தச் சொம்புல அண்டாத் தண்ணியப் புடிச்சு வெச்சுக் காலையில குடிப்பேன். எங்கப்பா காலத்துப் பழக்கம். அவ எவர்சில்வர் டம்ளர்தான் சுத்தம்பா. படிச்சவ. முப்பத்தஞ்சு வருசமா இதே சண்டை."

"வியாதியில கெடக்கறப்பக்கூட என்னையக் குத்திக்காட்டறதுல ஒரு சந்தோசம்" என்றார் பழனியம்மாள், கஞ்சியைப் பார்த்தபடி.

மனுவேல் ராஜேஸ்வரியின் காதருகே குனிந்தார். "கெடைச்சுருச்சுங்க. ரெண்டு பேரும் ஒரே தண்ணி. பொண்டாட்டி படுத்துட்டாங்க, புருசன் பொங்கல் திங்கறாரு. சொம்பு மட்டும் தனி. பதினாலு பேரைப் படுக்க வெச்சது கண்ணுக்கு மறைப்பு. குறி ஒரே ஆளு."

"முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்துட்டு இப்ப எதுக்குங்க கொல்லணும்?"

"முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்ததுக்குத்தான்."

ராஜேஸ்வரி மேஜையில் இருந்த எலுமிச்சை ஊறுகாயில் கட்டைவிரலைத் தோய்த்தார். எழுந்து போய் அண்டாவின் வயிற்றில் அழுத்தமாக ஒரு முத்திரை வைத்தார். பிறகு பின்கட்டுக்குப் போய், மங்கிய சமையல்கட்டுக் குடத்திலும் அதே போல ஒன்று. மனுவேலுக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு படித்த பெண்மணி சாப்பிட்ட கையைப் பாத்திரத்தில் துடைக்கிறாரே என்று.

திரும்பும்போது கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றார். டப்பாவின் காகிதம் கொஞ்சம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேல் விளிம்பில், மஞ்சளாக, கூம்பு வடிவத்தில், ஒரு தீச்சுடரின் நுனி எட்டிப் பார்த்தது. ஜெர்மன் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"தீப்பிடிக்கற சரக்குங்க" என்றார் மனுவேல் வெளியே வந்ததும். "ஓட்டலைக் கொளுத்தி இன்சூரன்ஸ்..."

"இப்பத்தானுங்க பொண்டாட்டியக் கொன்னீங்க."

"ரெண்டும் இருக்கலாமில்லீங்க."

அன்று ராஜேஸ்வரி முதலாளியிடம் இரண்டு காரியம் கேட்டார். ஒன்று, மறு உத்தரவு வரும்வரை யாருக்கும் காய்ச்சாத தண்ணீர் கொடுக்கக் கூடாது. இரண்டு, இன்று சாயங்காலம் அண்டாவையும் பின்கட்டுக் குடத்தையும் ஊற்றுத் தண்ணீரால் நிரப்பி மூடி, காலை வரை பூட்டி வைக்க வேண்டும். "பாவாயி தூக்க வேண்டாம். நீங்களே நின்னு ஊத்தச் சொல்லுங்க. மூடியில உங்க முத்திரையைப் போடுங்க. பின்னால யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது பாருங்க."

முத்திரை என்றதும் பாலசுப்பிரமணியத்தின் மார்பு கோட்டை நிரப்பியது. அவரிடம் பி.எஸ்.எம். என்று பொறித்த பித்தளை முத்திரை ஒன்று இருந்தது. வாங்கி ஆறு வருஷமாகியும் அதைப் போட ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. அன்று சாயங்காலம் அரக்கை உருக்கி இரண்டு மூடியிலும் எட்டு எட்டு இடத்தில் வைத்தார். கூடத்தைப் பூட்டிய சாவி, சாட்சிக்காக, மனுவேலின் பாக்கெட்டுக்குப் போனது.

சனிக்கிழமை காலை எல்லோர் முன்னிலையிலும் முத்திரை உடைக்கப்பட்டது. ராஜேஸ்வரி அண்டாவிலிருந்து ஒரு குப்பி, குடத்திலிருந்து ஒரு குப்பி, நேராக ஊற்றிலிருந்து ஒரு குப்பி எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் நேற்று வைத்த கட்டைவிரல் முத்திரைகளையும் பார்த்தார். மனுவேலும் பார்த்தார். குடத்தில் ஒரு கட்டைவிரல் அச்சு, பச்சையும் கறுப்புமாகப் பதிந்திருந்தது. அண்டாவில் துடைத்து விட்டாற்போல ஒன்றுமில்லை.

"யாரோ தொடைச்சிருக்காங்க" என்றார் மனுவேல். "தடயத்தை அழிச்சிருக்காங்க."

"கூடம் பூட்டியிருந்துச்சு. சாவி உங்க பாக்கெட்டுல."

மனுவேல் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தன் மேலேயே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

* * *

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். முதலாளி கோட்டில், கையில் நான்கு பக்கம் டைப் அடித்த புகாரோடு. முருகேசன் டையில், கையில் இன்னும் கையெழுத்தாகாத பாராட்டுக் கடிதத்தோடு. சின்னசாமி, பழனியம்மாள். கதவோரம் பாவாயி, உட்காரச் சொல்லியும் நின்றபடி. மனுவேல் தன் ஜீப்பை ஹோட்டல் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தார். குற்றவாளி யாராக இருந்தாலும் ஓட முடியாது என்பது ஏற்பாடு.

ராஜேஸ்வரி மூன்று கண்ணாடித் தட்டுகளை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் அடியில் உறைந்த ஜெல்லி.

"வெசம்னா பெரும்பாலும் உடனே காட்டிரும், மறுநாள் வாந்தி வந்துச்சுன்னா கிருமியத்தான் தேடணும். இது கிருமிக்குப் போடற சோறுங்க. ஒவ்வொரு தட்டுலயும் ஒவ்வொரு தண்ணியத் தடவி, ஒரு நாள் வெதுவெதுப்பா வெச்சேன். கிருமி ஒண்ணு இருந்தா அந்த எடத்துல பெருகி, கண்ணுக்குத் தெரியற புள்ளியாயிரும். மொதல் தட்டு ஊத்துத் தண்ணி."

தட்டு முழுக்க, வேர்க்குரு போட்ட முதுகு மாதிரி, சிவந்த புள்ளிகள்.

"என் ஊத்தா?" பாலசுப்பிரமணியத்தின் குரல் கோட்டுக்குள் போனது. "அது தூய மலைச்சாரல் ஊத்துன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கறனே."

"கிருமி நோட்டீஸ் படிக்காதுங்க. மேல எஸ்டேட் மாடு மேயுது. கோடை மழை பேஞ்சா சாணியெல்லாம் ஊத்துக்குத்தான் எறங்கும். இன்னைக்கு இல்ல, பன்னண்டு வருசமாவே அப்படித்தான் இருந்திருக்கும்."

"அப்ப பன்னண்டு வருசமா ஏன் யாருக்கும் ஒண்ணும் ஆகல?" என்று சின்னசாமி கேட்டார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் குரல் அது.

"அதைத்தான் ரெண்டாவது தட்டு சொல்லுது. அதே ஊத்துத் தண்ணி, பின்கட்டுச் செப்புக்குடத்துல ஒரு ராத்திரி இருந்தது."

தட்டு வெறுமையாக இருந்தது. ஜெல்லியில் ஜன்னல் வெளிச்சம் மட்டும்.

"செத்துப்போச்சா?" பழனியம்மாள் கஞ்சியை மறந்தார்.

"செத்துப்போச்சு. செம்பு சும்மா இருக்கற மாதிரிதான் தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியாத அளவுல கசிஞ்சுக்கிட்டே இருக்கும். கிருமின்னா ஒரு தோலும், அதுக்குள்ள கொஞ்சம் கூழும், அவ்வளவுதான். செம்பு அந்தத் தோல்ல ஓட்டை போட்டுரும். உள்ள இருக்கற கூழ் வெளிய ஒழுகும். செம்பு உள்ள போயி மிச்சத்தையும் கெடுத்துரும். கால்ல ஏறுன அட்டை மேல உப்புப் போட்டா எப்படிச் சுருண்டு விழுது, அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க. உங்க சொம்பும் அந்த வேலையத்தான் செஞ்சுது, சின்னசாமி சார். அம்மாவோட டம்ளர் செய்யல."

சின்னசாமி மனைவியின் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் பழனியம்மாள். கணவர் சொம்பை மட்டும் மேஜையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார்.

மனுவேல் தன் மனத்திலிருந்த கைவிலங்கை ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டிலிருந்து கழற்றிக்கொண்டார். கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் நஷ்டமாகவும் இருந்தது.

"மூணாவது தட்டு, அண்டாத் தண்ணி. உங்க முத்திரை எட்டு போட்டுப் பூட்டுன தண்ணி."

முதல் தட்டையும் மூன்றாவது தட்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்.

"அதெப்படி?" பாலசுப்பிரமணியம் எழுந்தார். "ஜெர்மன் பூச்சு இருக்குதுங்க. தொட்டாச் சாகணும்."

"உங்க லாஜிக் நொம்ப நேரானதுங்க. மொதல் படி மட்டும் இல்ல. அண்டாவத் தொட்ட கிருமி சாகும்னு நீங்க பலகையப் பாத்து நம்புனீங்க. நான் அண்டாவைப் பாத்தேன். செம்புன்னா கறுக்கும். வேர்வைக் கை பட்டாக் கறுக்கும், காத்துப் பட்டாக் கறுக்கும். ஊறுகா பட்டாப் பச்சை பூத்துரும். பின்கட்டுக் குடத்துல என் கட்டைவெரலு ஒரே ராத்திரியில பதிஞ்சிருச்சு. இந்த அண்டா மூணு வாரமா புளியப் பாக்கல, சீசன்ல நூறு கை தொட்டிருக்குது. ஒரு கறை இல்ல. பாவாயி மொத நாளே சொன்னாங்க, கண்ணாடியத் தேச்ச மாதிரி இருக்குதுன்னு. கறுக்காத செம்பு இருக்குதுங்களா? அப்ப நாம தொடறது செம்பே இல்ல. செம்புக்கு மேல போட்ட ஏதோ ஒரு சட்டை. உள்ளயும் அதே சட்டை. தண்ணிக்கும் செம்புக்கும் நடுவுல ஒரு கோட்டுப் போட்டு விட்டிருக்கீங்க."

எல்லோரும் தம்மையறியாமல் பாலசுப்பிரமணியத்தின் கோட்டைப் பார்த்தார்கள்.

"அப்ப இப்படி ஒரு பூச்சே கிடையாதா?" என்றார் சின்னசாமி.

"வெளிநாட்டுல நெசமாவே இருக்குது. அது பூசின எடத்துல கண்ணுக்குத் தெரியாத முள்ளு நட்ட மாதிரி நிக்கும். கிருமி வந்து உக்காந்தாத் தோலைக் குத்திக் கிழிச்சுரும். ஆனா அதுக்கும் கிருமி நேரா வந்து தொட்டாத்தான். முள்ளு மேல ஜமக்காளத்தை விரிச்சுட்டா ஆடு மாடு எல்லாம் ஏறி நடக்கும். செம்போ முள்ளோ, நடுவுல அழுக்கு இருந்தாக்கூட வேலை நடக்காது. பாவாயி வாரா வாரம் புளி போட்டது மினுமினுப்புக்கில்ல. அவங்களுக்கே தெரியாது, கத்தியத் தீட்டி வெச்சிருக்காங்க." ராஜேஸ்வரி திரும்பினார். "முருகேசன் சார், நீங்க பூசுனது எதை?"

முருகேசன் இருந்த இடத்தில் டை மட்டும்தான் அசைந்தது. அவர் வாசலில் இருந்தார். பிறகு கேட்டில் இருந்தார். பிறகு, குறுக்கே நின்ற ஜீப்பைப் பார்த்துவிட்டு, வந்த வழியே மெதுவாகத் திரும்பி வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் மனுவேலின் ஒரு யூகம் பலித்தது அன்றுதான். யார் என்று தெரியாமலே பலித்தது.

ராஜேஸ்வரி கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். டப்பாவின் கோணல் காகிதத்தை ஈரத் துணியால் நனைத்தார். ஜெர்மன் பெயர் சுருண்டு உரிந்தது. எட்டிப் பார்த்த சுடருக்குக் கீழே திரி வந்தது, திரிக்குக் கீழே ஐந்து முகம் வந்தது, முழுசாக ஒரு குத்துவிளக்கு வந்து நின்றது. "விளக்கு, பூஜைப் பாத்திரங்கள் கறுக்காமல் காக்கும் வார்னிஷ். ஒரு முறை பூசினால் ஓராண்டு தேய்க்க வேண்டாம்." அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி. மனுவேல் அதை உரக்கப் படித்தார்: "உண்ணும், பருகும் பாத்திரங்களுக்கு உபயோகிக்கக் கூடாது."

"பளபளன்னு வேணும்னாங்க" என்றார் முருகேசன் தரையைப் பார்த்து. "கேக்கறவங்களுக்கு ஜெர்மன்னு சொன்னாத்தான் புடிக்குது. வெறும் வார்னிஷ்னு சொன்னா இவரு வாசல்லயே நிறுத்தியிருப்பாரு. கிருமி சாகாட்டியும், ஆளுக சாக மாட்டாங்கன்னு நெனைச்சேன்."

"அதனாலதான் நீங்க சோடா குடிச்சீங்க" என்றார் ராஜேஸ்வரி.

திங்கட்கிழமைக்காகக் காத்திருந்த போலீஸ் ஒரு நாள் முன்னதாகவே வந்தது. முருகேசனை ஸ்டேஷனுக்குக் கொண்டு போனதும் மனுவேலின் ஜீப்தான்.

* * *

அதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம் நடந்தது.

எல்லோரும் எழுந்து கசமுசவென்று பேசத் தொடங்கிய பிறகும் பாவாயி கதவோரமே நின்றார். "ஏனுங்க" என்றார் கடைசியில். "அப்ப நான் ஊட்டுக்குப் போலாங்களா?"

"போலாங்க. நீங்க ஒண்ணும் கலக்கல. பன்னண்டு வருசமா இந்த ஓட்டலுக்கு வர்றவங்களைக் காப்பாத்திட்டு இருந்தது நீங்களும் உங்க புளியுந்தான்."

அப்போதுதான் பாவாயி உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, இருந்த இடத்திலேயே. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாலைந்து முறை மூச்சை இழுத்து விட்டார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சிரித்தார். "நான் வெக்கல" என்றார், சுவரில் இருந்த கலைமான் தலையிடம். "நான் வெக்கலீங்க."

பாலசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார். "எனக்கும் ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று தொடங்கியவர், பழனியம்மாள் தலையை நிமிர்த்திப் பார்த்ததும் அதை அங்கேயே விட்டார். அவர் கோட்டைக் கழற்றியதை மனுவேல் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். உள்ளே இருந்தவர் கொஞ்சம் சின்னவர், கொஞ்சம் பயந்தவர், அரிசி மண்டி பாலுவாகவே இருந்தார். "நாளைக்கு நானே வாழவந்திக்கு வந்து ஊருல சொல்றேன் பாவாயி. நான்தான் தப்புன்னு சொல்றேன். உனக்கு என்ன செய்யணும்னு கேளு. சூப்பர்வைசர்னு போட்டுத் தரட்டுமா? பேட்ஜ் குத்தி?"

"பேட்ஜெல்லாம் வேண்டாமுங்க." பாவாயி அவர் கையைப் பார்த்தார். "அந்தக் காயிதத்தைக் குடுங்க."

நான்கு பக்கம், மூன்று நகல், மொத்தம் பன்னிரண்டு தாள். பாலசுப்பிரமணியம் அதைக் கொடுத்தபோது, தம் கோட்டைக் கொடுத்தவர் போலவே இருந்தார்.

சொன்னபடி அவர் மறுநாள் வாழவந்திக்குப் போனார். கோட்டு இல்லாமல் போனதால் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்தது. நோம்பிக்கு ஊர்ச்சோறு ஆக்குவது யார் என்பதில் பிறகு ஊரில் இரண்டு பேச்சு இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, மனுவேல் ஒரு சவாரியை லேக் எம்பரரில் இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஈயம் பூசுகிறவர் ஒருவரை வரவழைத்து, பெயின்ட் தின்னரும் மணலும் போட்டு வார்னிஷை உரித்திருந்தார்கள். ஜெர்மன் பலகை போயிருந்தது. அதன் இடத்தில் ஒரு புதுப் பலகை. அதில் "பாரம்பரியத் தாமிர அமிர்தம்" என்று முதலாளி புதிதாக எழுதச் சொன்னதையும், அதை லேப்பம்மா அடித்துவிட்டு "காய்ச்சி ஆற வைத்து ஊற்றியது" என்று மட்டும் எழுத வைத்ததையும், பழைய பெயின்ட் இன்னும் அடியில் தெரிந்ததால் மனுவேலே துப்பறிந்துகொண்டார்.

அண்டாவின் வயிறு அங்கங்கே கறுத்திருந்தது. விளிம்பில் ஏழெட்டு விரல் அச்சுகள்.

பின்கட்டிலிருந்து பாவாயி வந்தார். "என்னங்க மனுவேலு, மொறைச்சுப் பாக்கறீங்க? கறையா இருக்குதேன்னுதானே?"

"இல்லீங்க. நாளைக்கு வெள்ளிக்கெழமை. நாளைக்குத்தான் தேய்ப்பீங்க. அதான் இன்னைக்கு இவ்வளவு கறுப்பு." அவர் நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, முழுசாகச் சரியான ஒரு முடிவு. "சரிதானுங்களே?"

"சரிதாங்க. போலீசுல சேந்துக்கலாம் நீங்க."

பாவாயியின் கையில் மறுநாளுக்கான புளி, ஓர் உருண்டை, காகிதத்தில் பொதிந்து இருந்தது. மனுவேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலைகீழாகப் படித்தார். நல்ல தாள், நல்ல டைப். "மேற்படி பாவாயி என்பவர் விருந்தாளிகளின் குடிநீரில் வி" என்பது வரைக்கும் தெளிவாக இருந்தது. அதற்கு மேல் புளி ஊறியிருந்தது.

"இன்னும் எத்தனை தாள் பாக்கியிருக்குதுங்க?" என்றார் மனுவேல்.

"பதினொண்ணு. ஆவணி வரைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு, பாவாயி அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார். மனுவேல் அதை அண்ணாந்து, ஒரு சொட்டுக்கூட மீதி வைக்காமல் குடித்தார்.